வந்தியின் பங்கும் எமது பங்கும்

இயற்கையை இறைவனின் வடிவமாகக் கண்டு வழிபடுவது எமது சைவ மரபு. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்னும் ஐம்பூதங்களிலும் சிவபெருமான் உறைகின்றான் என்பது ஆன்றோர் கொள்கை. அவற்றுள் நீர் வடிவாக எம்பெருமான் விளங்கும் தலம் திருவானைக்கா. எமது ஆலயத்திலும் கும்பத்தில் நிறைத்த நீரிலேதான் தெய்வத்தை எழுந்தருளச் செய்கின்றோம். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு குளிர்த்தியுடன்தான் நிறைவு பெறுகின்றது. மழை பொய்த்த காலத்தில் அம்மன் சந்நிதியில் மழைக்காவியம் படிப்பது மட்டக்களப்பாரின் பழைய வழக்கம். திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பையே வைத்தார்.

இவ்வாறு நாம் வேண்டி அழைக்கும் அதே நீர் ஒருநாள் வாசற்படி ஏறி வீட்டுக்குள் வந்தால் யாரை நோவது? இக்கேள்விக்கு 2011ஆம் ஆண்டு வெள்ளத்தில் அடியேன் கற்றுக்கொண்ட பாடத்தை இம்மலரில் எழுத விரும்புகின்றேன். அதில் என்னுடைய பிழை ஒன்றும் உண்டு. அதனை மறைத்து எழுதினால் இக்கட்டுரையால் பயன் இல்லை.

நீர் வந்த வழி

எமது பிரதேசத்துக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. படுவான்கரை வயல்கள் எல்லாம் அதனை நம்பியே பெரும்போகம் செய்கின்றன. 2010ஆம் ஆண்டின் இறுதியில் பசுபிக் சமுத்திரத்தின் மேற்பரப்பு நீர் வழமையைவிடக் குளிர்ந்திருந்தது. 'லா நினா' எனப்படும் இந்நிலை உலகின் பல பாகங்களில் மழையின் போக்கை மாற்றியது. 2011 ஜனவரியின் முதல் இரண்டு வாரங்களிலும் எமது பக்கத்தில் மழை விட்டபாடில்லை. மேற்கே உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்கள் நிரம்பி வழிந்தன.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. மேற்கிலிருந்து இறங்கும் நீரில் பெரும்பகுதி இவ்வாவியிற்தான் வந்து சேர்கின்றது. ஆனால் அது கடலுக்குச் செல்லும் வாயிலோ குறுகியது. வருகின்ற நீர் பெருகி, போகின்ற வழி ஒடுங்கினால் இடைப்பட்ட தாழ்நிலம் மூழ்கத்தான் செய்யும். பெரிய வாவிக்குப் பொருந்தும் இந்த நியாயம் எங்கள் வளவுக்குப் பக்கத்தில் ஓடும் சின்ன வாய்க்காலுக்கும் பொருந்தும் என்பதை நான் பிந்தியே உணர்ந்தேன்.

அவ்வெள்ளத்தால் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டனர். 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெப்ரவரியில் மீண்டும் ஒரு வெள்ளம் வந்து, எஞ்சியிருந்த வேளாண்மையையும் கொண்டு சென்றது.

ஆலயம் தந்த புகலிடம்

எமது ஊரில் இரவோடு இரவாக நீர் ஏறியது. விடியுமுன் எல்லோரும் பிள்ளையார் கோயில் மேட்டுக்கு வந்து சேர்ந்தோம். 1957ஆம் ஆண்டு வெள்ளத்திலும் இந்த மேடு மூழ்கவில்லை என்று முதியவர் ஒருவர் சொன்னார். ஊரில் உயர்ந்த நிலத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் கோயிலுக்குக் கொடுத்த முன்னோரின் அறிவை அன்று எண்ணி வியந்தோம்.

மண்டபத்தில் போடியார் வீட்டுப் பாயும் கூலிக்கு வயல் வெட்டுபவரின் பாயும் அருகருகே விரிக்கப்பட்டன. வெளிவீதியில் மாடுகளும் ஆடுகளும் நின்றன. நீருக்கு அஞ்சிய பாம்புகளும் மதிலோரம் சுருண்டு கிடந்தன. அவற்றை ஒருவரும் அடிக்கவில்லை. மடப்பள்ளியில் ஒரே அடுப்பு. எல்லோருக்கும் ஒரே கஞ்சி. தைப்பொங்கல் அன்று புதிர் எடுக்கக் கதிர் இல்லை. நிவாரணமாகக் கிடைத்த அரிசியிலே பொங்கி, பெண்கள் குரவையிட, பிள்ளையாருக்குப் படைத்தோம்.

அங்கேதான் அந்தக் கேள்வி எழுந்தது. "ஊரில் நடந்த பாவத்துக்குத் தண்டனை" என்றார் ஒருவர். "பிள்ளையார் இருந்தும் ஏன் இப்படி வந்தது?" என்று இளைஞன் ஒருவன் கேட்டான். ஆசிரியராக இருந்தவன் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இறைவனின் ஐந்தொழிலைப் பற்றி ஏதோ சொன்னேன். சொன்னது பிழையல்ல, ஆயினும் என் நெஞ்சு அதில் நிற்கவில்லை.

என் பிழை

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையே ஒரு வடிச்சல் வாய்க்கால் இருந்தது. வெள்ளத்துக்கு இரண்டு வருடங்களுக்கு முன், மதில் கட்டும்போது, அதனை மண் போட்டு மூடினேன். கோடையில் காய்ந்து குப்பை சேர்ந்து கிடந்த வாய்க்கால்தானே என்று எண்ணினேன். நான்கு முழ நிலம் எனக்குக் கூடியது.

பக்கத்து வளவில் கணவனை இழந்த அக்கா ஒருவர் பேத்தியோடு இருந்தார். காலையில் இடியப்பம் அவித்து விற்றுச் சீவித்தவர். அன்றிரவு வாய்க்காலால் போயிருக்க வேண்டிய நீர் என் மதிலில் முட்டித் திரும்பி அவருடைய வளவுக்குள் பாய்ந்தது. மண்சுவர் கரைந்து விழுந்தது. பேத்தியைத் தோளில் சுமந்துகொண்டு இடுப்பளவு நீரில் அவர் கோயிலுக்கு வந்தார். உயிர் தப்பியது பிள்ளையார் செயல்.

மறுநாள் மடப்பள்ளியில் அந்த அக்காதான் கஞ்சி வார்த்தார். என் முறை வந்தபோது தலை நிமிர முடியவில்லை. "அக்கா, அந்த வாய்க்கால்..." என்று தொடங்கினேன். அவர் அகப்பையை நிறுத்தாமல், "தண்ணிக்கும் போக ஒரு வழி வேணுந்தானே, தம்பி" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

மண் சுமந்த பெருமான்

அன்றிரவு என் நினைவுக்கு வந்தது திருவிளையாடற் புராணத்தில் வரும் மண் சுமந்த திருவிளையாடல். பாடசாலையில் பல வருடங்கள் நானே படிப்பித்த கதை. வைகையில் வெள்ளம் பெருகியபோது, குடிமக்கள் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கு ஆள் துணை இல்லை. சிவபெருமான் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றான். வேலை செய்யாமல் ஆடிப்பாடித் திரிந்தான். ஊரார் கரையெல்லாம் அடைபட்டும் வந்தியின் பங்கு மட்டும் அடைபடவில்லை. மன்னன் பிரம்பால் அடித்தான். அந்த அடி எல்லா உயிர்களின் மேலும் பட்டது. பெருமான் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைந்தான், கரை அடைபட்டது.

இக்கதையின் இரண்டு செய்திகளை அன்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

ஒன்று, ஒருவர் பங்கு அடைபடாமல் கிடந்தாலும் ஊரின் கரை கரையாகாது. அந்த ஓர் இடைவெளியால் நீர் உள்ளே வரும். எமது ஊரில் அந்த இடைவெளி ஏழை அக்காவின் பங்கில் இருக்கவில்லை. படித்தவன் என்று பெயர் எடுத்த என் பங்கில் இருந்தது. வந்திக்குக் கூலியாளாக வந்த பெருமான், நான் போட்ட மண்ணை அள்ள ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. வந்திக்கு இயலாமை இருந்தது. எனக்கு இருந்தது ஆசை.

மற்றையது, ஒருவர் மேல் விழும் அடி எல்லோர் மேலும் விழுகின்றது. ஆகவே வெள்ளத்தில் பாதிக்கப்பட்டோரைப் பார்த்து "அவர்கள் செய்த பாவம்" என்று சொல்வது சைவம் ஆகாது. நீர் நல்லவர், கெட்டவர் பார்ப்பதில்லை. தாழ்ந்த இடத்தைத்தான் பார்க்கின்றது. தாழ்ந்த இடத்தில் குடியிருப்போர் பெரும்பாலும் வேறிடம் இல்லாதவர்களே.

மழை இறைவனின் அருள். அந்நீர் போகும் வழியைக் காப்பது எமது கடமை. அருளை வேண்டிக் காவியம் படிக்கும் நாம் கடமையை மறந்தால், வேண்டிப் பெற்ற வரமே துன்பமாக மாறுகின்றது.

நாம் செய்யக்கூடியவை

வெள்ளம் வடிந்தபின் முதல் வேலையாக மதிலை இடித்து வாய்க்காலைத் தோண்டினேன். இளைஞர்கள் கேளாமலே மண்வெட்டியோடு வந்தார்கள். அக்காவின் வீட்டுச் சுவரை எழுப்பவும் அவர்களே உதவினார்கள். அன்று முதல் புரட்டாதிச் சனி விரதம் முடிந்ததும் வடிச்சல்களைத் துப்புரவு செய்யும் சிரமதானம் ஊரில் நடைபெறுகின்றது.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நாட்டைத் தாக்கியது. மலையகத்தில் மண்சரிவுகளும் பிற இடங்களில் வெள்ளமுமாக 600க்கும் மேற்பட்ட உயிர்களை நாடு இழந்தது. அந்நாட்களில் எமது ஊரிலும் நீர் ஏறியது. வாய்க்கால் ஒன்றைத் தோண்டினால் இனி வெள்ளமே வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இம்முறை நீர் என் வளவோரமாக ஓடிப்போனதைக் குடை பிடித்து நின்று பார்த்தேன். அந்த அக்கா இன்று இல்லை. பேத்தியும் பிள்ளைகளும் அதே வீட்டில் இருக்கின்றார்கள். அன்றிரவு அவர்கள் தங்கள் வீட்டிலேயே உறங்கினார்கள்.

அடியார்களே! குளக்கட்டில் மண் வெட்டாதிருப்பது, வாவிக்கரைக் கண்டல் மரங்களைத் தறிக்காதிருப்பது, வாய்க்காலில் பொலித்தீன் பைகளைப் போடாதிருப்பது, அயலவர் வளவுக்கு நீர் திரும்பாமல் வேலி அடைப்பது ஆகிய யாவும் வழிபாடே. கும்பத்து நீரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாம், அந்த நீர் ஊருக்குள் நடந்துவரும் பாதையையும் புனிதமாகப் பேணுவோம். எம் பங்குக் கரையை நாமே அடைப்போம். ஆள் துணை இல்லாதவர் பங்கையும் சேர்த்து அடைப்போம். அங்கேதான் எம்பெருமான் கூடையோடு வந்து நிற்பான்.

எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருளால் மாதம் மும்மாரி பொழிந்து, பொழிந்த நீர் வழியறிந்து ஓடி, ஊரும் உயிர்களும் நலம் பெறப் பிரார்த்திப்போமாக.

சுபம்.