கீழே விழுந்த குஞ்சும் அடிபட்ட பறவையும்: எடுக்கும் முன், எடுத்த பின்

காட்டுயிருக்கு உதவப் போகிறவரின் முதல் வேலை, கையைக் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நிற்பதுதான். தமிழ்நாட்டு ஊர்களில் அநாதை என்று வீட்டுக்குத் தூக்கிச் செல்லப்படும் குஞ்சுகள் பலவற்றுக்குத் தாய் பக்கத்துக் கிளையிலேயே இருக்கும். ஆள் நகர்ந்தால்தான் அது இறங்கி வரும். இருபது முப்பது அடி விலகி, நாய் பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். இரத்தக் கசிவு, தொங்கும் இறக்கை, மொய்க்கும் ஈ, சில்லிட்ட உடல், அருகில் செத்துக் கிடக்கும் தாய் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. பூனை கவ்விய பறவைக்கும் உடனே மருத்துவம் தேவை. வெளியே காயமே தெரியாவிட்டாலும் பூனைப் பல்லிலுள்ள கிருமி ஓரிரு நாளில் அதைக் கொன்றுவிடும்.

அடுத்தது வயதைக் கணிப்பது. உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகும் குஞ்சு பறக்கப் பழகுகிறது. அதை எடுக்க வேண்டியதில்லை. நடுத்தெருவில் இருந்தால் பக்கத்துப் புதரில் விட்டால் போதும். கண் திறக்காத, தோல் தெரியும் குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வைக்க வேண்டும். கூடு சிதைந்திருந்தால் தண்ணீர் தேங்காத சிறு கூடையில் தேங்காய் நாரை மெத்தையாக்கி, அதே மரத்தில் கட்டலாம். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது வெறும் கட்டுக்கதை. காக்கைக் கூட்டிலிருந்து இறங்கும் குயில் குஞ்சு விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். பக்கத்தில் வரும் காக்கை கொத்த வருகிறதா, இரை ஊட்ட வருகிறதா என்று பார்த்த பிறகே அதை விரட்டலாம்.

அணில் குட்டிக்கும் இதே முறைதான். சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்றி, பிறகு திறந்த பெட்டியில் மரத்தடியில் வைத்தால், தாய் வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறு கூட்டுக்கு மாற்றும். பொழுது சாய்ந்த பிறகும் வராவிட்டால்தான் அது அநாதை. புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும் முயல் குட்டியும் மான் குட்டியும் பெரும்பாலும் தாய் ஒளித்துவைத்தவை. தாய் தூரத்தில் மேய்ந்துவிட்டுப் பாலூட்ட வரும். கரும்பு வெட்டும்போது அகப்படும் காட்டுப்பூனைக் குட்டிகளை இருந்த இடத்திலேயே விட்டு, வெட்டுவதை அந்தப் பக்கம் நிறுத்திவைத்தால், தாய் இரவில் வந்து தூக்கிச் செல்ல வாய்ப்பு அதிகம். தாயின் சடலத்தைப் பற்றியிருக்கும் குரங்குக் குட்டியை நெருங்கவே கூடாது; கூட்டம் பாய்ந்து கடிக்கும்.

பிடித்தே ஆக வேண்டுமென்றால் துண்டு ஒன்றே போதும். பின்பக்கமாகச் சென்று தலையோடு மூட வேண்டும். கண் மறைந்தால் பாதி மிரட்சி அடங்கிவிடும். பருந்து, ஆந்தை போன்றவற்றுக்கு ஆயுதம் அலகைவிடக் கால் நகம்தான், ஆகவே கால்களை முதலில் பற்ற வேண்டும். கொக்கும் நாரையும் கண்ணைப் பார்த்துக் குத்தும். அவற்றை முகத்துக்கு எட்டாத தொலைவில் பிடிக்க வேண்டும். வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது. வலையில் சிக்கிய பாம்பை விடுவிக்க முயலாமல், கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டு தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைப்பதே சரி.

பட்டம் விடும் மாஞ்சா நூலில் மாட்டிய பறவைக்குத் தனிக் கவனம் தேவை. நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடை செய்தும், மரக்கிளைகளில் அது தொங்கத்தான் செய்கிறது. நூலைப் பிடித்து இழுத்தால் அது தசைக்குள் இன்னும் இறங்கும். கிளையில் இருக்கும் நூலை மட்டும் வெட்டி, இறக்கையில் சுற்றியதை அப்படியே விட்டு மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். சிக்கு எடுத்ததும் பறக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. வெட்டுப்பட்ட தசைநார் அடுத்த நாள் வீங்கும். மின்கம்பியில் சிக்கிய பறவையை மின்வாரிய ஊழியர் தவிர யாரும் தொடக் கூடாது.

கண்ணாடியில் மோதிய பறவைக்கு இருட்டே மருந்து. அக்டோபர் வாக்கில் வலசை வரும் ஆறுமணிக் குருவி நகரத்து வீடுகளிலும் மாடிகளிலும் மயங்கி விழுவது வழக்கம். மூடிய அட்டைப்பெட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துத் தோட்டத்தில் திறந்தால் பல பறவைகள் தாமே பறந்துவிடும்.

பெட்டி தயாரிப்பதில் செலவில்லை. அட்டைப்பெட்டியில் பென்சில் கனத்துக்கு நாலைந்து ஓட்டை, அடியில் பழைய பருத்தி வேட்டித் துணி. நூல் பிரிந்த துணியில் நகம் மாட்டும். குட்டிக்குச் சூடு தேவையென்றால், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் மறுபாதிக்கு ஒதுங்க இடம் இருக்கும். பெட்டியை ஆள் நடமாட்டமும் தொலைக்காட்சிச் சத்தமும் இல்லாத மூலையில் வைக்க வேண்டும். திறந்து திறந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் அதற்கு இன்னொரு வேட்டைதான்.

எடுத்தவர் கையால் சாவது பெரும்பாலும் ஊட்டுவதால்தான். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியில் திறந்திருக்கிறது. அலகைத் திறந்து சொட்டு விடும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். பசும்பால் அணில் குட்டிக்குப் பேதி தரும். பறவைக்குப் பாலே ஆகாது. உடல் சில்லிட்டிருக்கும்போது எது கொடுத்தாலும் செரிக்காது. வெயிலில் சுருண்ட பறவைக்கு நிழலும், அருகில் தட்டையான சட்டியில் நீரும் போதும். வேண்டுமானால் அதுவே குடிக்கும். மருத்துவர் சொல்லாத எந்த மருந்தும் மஞ்சளும் காயத்தில் படக் கூடாது.

ஒப்படைப்பதைத் தள்ளிப்போடவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வேட்டைக்குத் தடையுள்ள விலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். இரக்கத்தில் எடுத்த கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்தான். சென்னையில் கிண்டி வனத்துறை வளாகம், புளூ கிராஸ், பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவமனை ஆகியவை கைகொடுக்கும். மற்ற ஊர்களில் வனச்சரக அலுவலகத்தை அணுகலாம். பெட்டியோடு ஒரு சீட்டும் போக வேண்டும்: கிடைத்த தெரு, மரம், நேரம், ஏதேனும் ஊட்டியிருந்தால் அது. குணமான பிறகு அதைக் கொண்டுபோய் விட வேண்டிய இடமும் அந்தத் தெருதான்.

பாலூட்டி எதுவும் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சிறு கீறல்தானே என்று விடக் கூடாது. வெறிநோய் தலைகாட்டிய பிறகு அதற்கு மருந்து இல்லை.