பிள்ளை இன்ஜினீயராக எப்போது தொடங்க வேண்டும்?

வியாபாரச் சகோதரர்களே!

நான் புக்கிட் பெலண்டோக்கில் மளிகைக் கடை வைத்திருப்பவன். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் ஆறாண்டு படித்ததுமே என் கல்வி. படிப்பைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களானால், ஒரே ஒரு தகுதி உண்டு. அறியாமையால் நஷ்டப்பட்டவன் என்பதே அது. கடையில் வந்த நஷ்டமானால் அடுத்த ஆண்டு ஈடு செய்துகொள்ளலாம். இது என் மகனுடைய படிப்பில் வந்த நஷ்டம்.

2017ஆம் ஆண்டின் கடைசி. மூத்தவன் படிவம் 3 முடித்து, படிவம் 4-க்குப் போகும் சமயம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதம் கொண்டு வந்து நீட்டினான். அன்று தோட்டத்துச் சம்பள நாள். கடையில் நிற்க இடமில்லை. “எது உனக்குச் சுலபமோ அதை எழுது. சாயந்திரம் கடைக்கு வர நேரம் இருக்க வேண்டும்” என்று சொல்லி, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து எஸ்.பி.எம். எழுதி முடித்தான். ஒரு நாள் இரவு கடை சாத்தும்போது, “அத்தா, நான் இன்ஜினீயருக்குப் படிக்கிறேன்” என்றான். மகிழ்ச்சியோடு நாலு இடத்தில் விசாரித்தேன். எல்லோரும் கேட்ட முதற் கேள்வி, “பௌதிகம் எடுத்தானா? கூடுதல் கணிதம் எடுத்தானா?” என்பதுதான். இரண்டும் இல்லை. ஒரு மூட்டை வெங்காயத்தைக் கூடக் கையை விட்டுக் கிளறிப் பார்க்காமல் வாங்காத நான், மகனின் இருபதாண்டு வாழ்வைத் தீர்மானிக்கும் காகிதத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டிருக்கிறேன்!

இந்தத் தவறு வேறொரு கடையில் நடக்கக் கூடாது என்பதற்காகவே, நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. வாசல் எங்கே இருக்கிறது?

இன்ஜினீயர் படிப்பு பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். அங்கே நடப்பது நான்காண்டுப் பட்டப்படிப்பு. அதன் வாசலோ படிவம் 3-க்கும் படிவம் 4-க்கும் நடுவில் இருக்கிறது. அப்போது பிள்ளைக்கு வயது பதினைந்து.

முன்பு அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று இருந்தது. 2020ஆம் ஆண்டு முதல் அந்தப் பிரிவினை நீங்கி, பாடங்களைத் தொகுப்பாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்திருக்கிறது. பெயர் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. இன்ஜினீயர் படிப்பை நாடும் பிள்ளை பௌதிகம், இரசாயனம், கூடுதல் கணிதம் ஆகிய மூன்றும் உள்ள தொகுப்பில் சேருவதே பாதுகாப்பு. இன்னொன்றையும் கவனியுங்கள். படிவம் 3-இல் நடந்த பிடி3 தேர்வு 2022இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே, “உன் பிள்ளை கணக்கில் எப்படி இருக்கிறான் பார்” என்று தகப்பனை எச்சரித்து வந்த அந்தத் தேர்வு அப்போதே நின்றுபோயிற்று. நாமாகவே கேட்டால்தான் தெரியும்.

2. கூடுதல் கணிதம் என்ற பயம்

“கூடுதல் கணிதம் கஷ்டம், வேண்டாம்” என்று பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். கஷ்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பாடமல்ல. படிவம் 1 முதல் 3 வரை இயற்கணிதத்தைச் சரியாகப் பிடிக்காமல் விட்டதுதான்.

இயற்கணிதம் நமக்கு அந்நியமா? ஒரு சாமானை 20 சதவிகித லாபம் வைத்து 60 வெள்ளிக்கு விற்றேன். கொள்முதல் விலை என்ன? 60-இல் 20 சதவிகிதத்தைக் கழித்து 48 என்று சொல்பவன் தவறினான். தெரியாத கொள்முதலை ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டு, அதன் 1.2 மடங்கு 60 என்று எழுதினால், கொள்முதல் 50 வெள்ளி என்று விடை வரும். தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் கண்டுபிடிக்கும் இந்த வித்தைதான் இயற்கணிதம். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லே உலகமெங்கும் ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. கடையில் தினந்தோறும் நாம் செய்கிற கணக்கைப் பிள்ளையிடம் கொடுத்துப் போடச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

3. எஸ்.பி.எம். முடிந்தபின் உள்ள வழிகள்

ஒன்று, மெட்ரிகுலேஷன். அரசாங்கம் நடத்தும் இது பெரும்பாலோருக்கு ஓராண்டுப் படிப்பு, விடுதியும் உண்டு. இதில் இன்ஜினீயரிங் துறை தனியாக இருக்கிறது. மின்சாரம்-மின்னணு, கட்டுமானம், இயந்திரம் என்ற மூன்றில் ஒன்றைப் படிக்கலாம். எல்லா மெட்ரிகுலேஷன் கல்லூரியிலும் இத்துறை கிடையாது. விண்ணப்பிக்கும்போதே பார்த்துக் கேட்க வேண்டும். இடங்களில் 90 சதவிகிதம் பூமிபுத்ராக்களுக்கு என்ற பங்கீட்டை 2019இல் அரசாங்கம் நிலைநிறுத்தியது. அப்போதே மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக உயர்த்தியது. 2024இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெற்ற மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று அறிவித்தது. வாசல் குறுகலானது என்பதற்காகத் தட்டாமலே திரும்பக் கூடாது.

இரண்டு, படிவம் 6. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு படித்து எஸ்.டி.பி.எம். எழுத வேண்டும். கடினமானது; ஆனால் செலவு குறைவு, வெளிநாடுகளிலும் மதிக்கப்படுவது. இங்கும் பௌதிகமும் கணிதமும் எடுத்தால்தான் இன்ஜினீயர் படிப்புக்கு உதவும்.

மூன்று, பொலிடெக்னிக். டிப்ளமா படித்து, பிறகு பட்டப்படிப்புக்குப் போகலாம். இதில் சேரக் கூடுதல் கணிதம் கட்டாயமில்லை. இதை எழுதும்போது என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நம் போர்ட் டிக்ஸன் மாவட்டத்திலேயே, சி ருசாவில் ஒரு பொலிடெக்னிக் இருக்கிறது. 1990இல் தொடங்கியது. என் மகனுக்கு அந்த வழி திறந்தே இருந்தது, எனக்குத்தான் தெரியாது. அவன் இன்று குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறான். நாணயமான தொழில்தான், குறைவில்லை. ஆனால் அவன் வாய்விட்டுக் கேட்டது அதையல்ல.

நான்கு, தொழிற்கல்லூரி. இதற்குப் படிவம் 3 முடிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். கையால் செய்து கற்கும் பிள்ளைக்கு ஏற்றது. டிப்ளமா வரை போகும்.

4. கடையில் நின்ற ஒரு மாணவர்

இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களை எல்லோரும் அறிவோம். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்து, திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரிக்குப் போனார். விடுமுறையில் ஊர் வரும்போது அண்ணனுடைய மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பௌதிகத்தில் பட்டம் பெற்ற பிறகே, தம் விருப்பம் இன்ஜினீயரிங் என்றும், இண்டர்மீடியட் முடித்தவுடனேயே அதில் சேர்ந்திருக்கலாம் என்றும் அவருக்குத் தெரிய வந்தது. இதைத் தம் வரலாற்று நூலில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்டணம் கட்டப் பணமில்லை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

நாம் வளையல் அடகு வைத்ததை மட்டும் பேசிப் பெருமைப்படுகிறோம். நான் இதில் கண்ட பாடம் வேறு. அத்தனை அறிவுள்ள மாணவருக்கும் வழி சொல்ல ஆளில்லாமல் ஆண்டுகள் கழிந்தன. பணம் கொடுக்க ஒரு சகோதரி இருந்தார். உரிய காலத்தில் செய்தி சொல்ல ஒருவர் இல்லை. கல்லூரி கட்டுவதில் நம் வணிகர்கள் பின்வாங்கியவர்களல்லர். கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் வண்டலூரில் கிரசெண்ட் இன்ஜினீயரிங் கல்லூரியைத் தொடங்கினார்கள். கல்லூரி பாதையின் முடிவில் இருக்கிறது. பாதையின் தொடக்கத்தில் விளக்கு வைப்பது யார்?

5. பிற நாட்டார் வைத்த விளக்கு

1970இல் அமெரிக்காவின் ஓக்லாண்ட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியில், ‘மேசா’ என்ற திட்டத்தை 25 மாணவர்களோடு தொடங்கினார்கள். இன்ஜினீயர் படிப்புக்கு வராத சமூகங்களின் பிள்ளைகளைப் பள்ளிப் பருவத்திலேயே கணக்கிலும் அறிவியலிலும் தேற்றுவது நோக்கம். 1979இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோவில், மனுவேல் பெரியோசாபல் என்ற கணிதப் பேராசிரியர் ‘பிரெப்’ என்ற கோடை விடுமுறை வகுப்பைத் தொடங்கினார். முதலாண்டில் தர்க்கமும் இன்ஜினீயரிங் அறிமுகமும். அடுத்த ஆண்டு இயற்கணிதமும் பௌதிகமும். விடுமுறையில் சில வாரங்கள், கல்லூரிக்கு முன்பே! பெரிய கட்டடம் கட்டி ஆரம்பிக்கவில்லை. ஒரு வாத்தியாரும் சில பிள்ளைகளும்தான் மூலதனம்.

6. நாம் செய்யத்தக்கது

நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். 1998இல் திறந்த சிப்பாங் விமான நிலையம், 2009இல் இயங்கத் தொடங்கிய ஜிமா மின்நிலையம், போர்ட் டிக்ஸன் எண்ணெய் ஆலைகள் எல்லாம் இன்ஜினீயர்களின் வேலை. அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு நாம் சாமான் விற்கிறோம். நம் பிள்ளைகள் உள்ளே போவதில்லை. “கடை இருக்கிறதே” என்கிறோம். 1998-99இல் நிப்பா காய்ச்சல் வந்து, இந்த ஊர் வெறிச்சோடியதை நான் கண்டவன். என் அத்தாவின் பற்று நோட்டில் இருந்த பல பெயர்கள் திரும்பி வரவேயில்லை. கடை நிச்சயமான சொத்து என்ற எண்ணம் அன்றே எனக்குப் போயிற்று.

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஆண்டுதோறும் படிவம் 3 படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை ஒரு நாள் கூட்டி, பாடத் தேர்வை விளக்க வேண்டும். சனிக்கிழமை தோறும் ஒரு கணக்கு வாத்தியாரை அமர்த்தி, இயற்கணிதம் சொல்லித்தர வேண்டும். விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைகளைப் பொலிடெக்னிக்குக்கு அழைத்துச் சென்று பட்டறையைக் காட்ட வேண்டும். வாத்தியார் சம்பளத்துக்கு என் கடைப் பங்கை நான் தருகிறேன்.

இளையவள் இவ்வாண்டு படிவம் 3. காகிதம் வந்தது. “பெண் பிள்ளையை விடுதிக்கு அனுப்புவதா?” என்று என் உம்மா கேட்டார்கள். மூத்தவன்தான் பதில் சொன்னான்: “உம்மும்மா, எனக்குப் போகத்தான் வழி தெரியவில்லை; இவளுக்குத் தெரிந்த வழியை அடைக்க வேண்டாம்.” உம்மா பேசவில்லை. மறுநாள் கடையை அரை நாள் சாத்தி, மகளோடு பள்ளிக்குப் போய், ஆசிரியையிடம் ஒவ்வொரு பாடமாகக் கேட்டறிந்தேன். பௌதிகமும் கூடுதல் கணிதமும் உள்ள தொகுப்பின் கீழ், இம்முறை வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

சகோதரர்களே, உங்கள் கடைக்கும் அந்தக் காகிதம் வரும். அது வரும்போது கல்லாவைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து வாசியுங்கள்.