காரை என்பது கட்டடத்தின் குடை

பழைய கோவா செல்லும் நம் சங்க அன்பர்கள் போம் ஜீசஸ் பேராலயத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களிடையே பணியாற்றிய புனித சவேரியாரின் உடல் அங்கேதான் வைக்கப்பட்டுள்ளது. தரிசித்தபின் வெளியே வந்து சுவரையும் சற்றுக் கவனியுங்கள்.

1594-இல் தொடங்கி 1605-இல் அர்ச்சிக்கப்பட்ட இவ்வாலயத்தின் சுவர்கள் செம்பூராங்கல்லால் ஆனவை. வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றுப்பட்டதும் இறுகும் கல் இது. ஆனால் உடம்பெல்லாம் நுண்துளைகள். மழைநீரை உறிஞ்சி, நாளடைவில் அரித்துப்போகும். அதனால்தான் முன்னோர் மேலே சுண்ணாம்புக் காரை பூசிவைத்தனர். போர்த்துக்கீசியர் ஆட்சியிலேயே, 1950-களில், பழமைத் தோற்றம் வேண்டி அந்த வெளிப்பூச்சை உரித்துவிட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பருவமழையும் கல்லைக் கரைத்து வருகிறது.

சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள சே பேராலயமும் செம்பூராங்கல் கட்டடமே. 1562-இல் தொடங்கப்பட்ட அது வெள்ளைப் பூச்சுடன் நிற்கிறது. இரண்டையும் ஒருசேரப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

ரயில்வேயில் பாலங்களைப் பராமரித்த காலத்தில் நான் கற்றதும் இதுவே: தண்ணீரைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. பழையதைக் காப்பது வேறு. பழையதாகக் காட்டுவது வேறு. அடுத்தமுறை எந்தப் பழைய ஆலயத்துக்குப் போனாலும், பூச்சு எங்கே உதிர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.