வாலைப் பார்த்துப் பெயர் சொல்லும் தம்பிக்கு



ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதில் வாலின் ஒரு துண்டோ பாதி மறைந்த மூக்கோதான் தெரியும். அதை வைத்து எந்தப் போர்விமானம், எந்த வகை என்று சொல்ல வேண்டும். விமானப் பித்துப் பிடித்தவர்கள் பல நாடுகளில் விளையாடும் இந்தப் புதிரில் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடியிலிருந்து நீயும் இறங்கியிருக்கிறாய். இதற்குப் பொருத்தமான ஊரில்தான் இருக்கிறாய். சமணர் மலையில் செட்டிப்புடவு குகைக்கு ஏறிப் போனால், அங்குள்ள சமணச் சிற்பங்களை அறிஞர்கள் எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்று பார். தலைக்கு மேல் நாகப்படம் விரிந்திருந்தால் பார்சுவநாதர். சிங்கத்தின் மேல் பெண் அமர்ந்திருந்தால் இயக்கி. வட்டெழுத்தின் வளைவை வைத்துக் காலத்தைச் சொல்கிறார்கள். முகத்தைப் பார்த்து யாரும் பெயர் சொல்வதில்லை. முகங்களெல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இன்றைய பொழுதுபோக்கு ஒரு காலத்தில் உயிர் காக்கும் வேலையாக இருந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பின் மேல் ஜப்பானியக் கடற்படை விமானங்கள் வந்தன. மேலெழுந்து போராடியவை பிரிட்டனின் ஹரிக்கேன்கள். எல்லாமே ஒற்றை எஞ்சின், தாழ்ந்த இறக்கை. தரையிலிருந்து பார்ப்பவர் நண்பனையும் எதிரியையும் பிரிப்பது எப்படி? சக்கரம் உள்ளே மடங்காமல் கால் நீட்டியபடி பறந்தால் அது ஜப்பானின் ஐச்சி குண்டுவீச்சு விமானம். ஹரிக்கேனும் ஜப்பானின் ஜீரோ போர்விமானமும் சக்கரத்தை மடக்கிக்கொள்ளும். இப்படி விமானங்களைப் பிரித்தறியும் பயிற்சிக்காகவே பிரிட்டனில் 1941இல் ‘தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்’ என்ற இதழ் தொடங்கியது. இறக்கை, எஞ்சின், உடல், வால் என்ற வரிசையில் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் அந்த வரிசையை விடாதே. முதல் பார்வையில் மனத்தில் தோன்றும் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் நான்கையும் பார்த்து முடி.

நம் விமானப்படையில் பறந்தவற்றிலிருந்தே தொடங்கு. ஹன்டரையும் மாருத்தையும் எடுத்துக்கொள். இரண்டும் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை கொண்டவை, இரண்டிலும் 30 மி.மீ. பீரங்கி நான்கு, 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் லோங்கேவாலாவில் எதிரி டாங்குகளைத் தாக்கியவையும் இவைதான். தூரத்துப் படத்தில் குழப்பும். பின்புறம் போய்ப் பார்: ஹன்டருக்கு ஒரே புகைபோக்கி, மாருத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. முன்பக்கம் வா: ஹன்டர் காற்றை இழுக்கும் வாய் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முக்கோணமாக இருக்கும், மாருத்தின் வாய் உடலின் இரு பக்கமும் அரைவட்டமாகப் புடைத்திருக்கும். ஹன்டரின் மூக்குக்குக் கீழே இரண்டு கன்னப் புடைப்புகள் தெரிகின்றனவா? பீரங்கி சுடும்போது கழன்று விழும் தோட்டாக் கண்ணிகள் உடலில் மோதாமல் அங்கே சேரும். படத்தில் இந்தப் புடைப்பு மட்டும் தெரிந்தாலும் நீ ஹன்டர் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுப் பழகினால் மனப்பாடம் தேவைப்படாது. மாருத்தை வடிவமைத்தவர் ஜெர்மனியின் குர்ட் டாங்க்; உலகப் போரில் பேர்பெற்ற ஃபோக்கே வுல்ஃப் 190 அவருடையதுதான். 1961 ஜூன் 17 அன்று மாருத் முதன்முதலாகப் பறந்தது. அந்த உடலுக்கு ஏற்ற வலுவான எஞ்சின் கடைசி வரை கிடைக்கவில்லை. சிறிய ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் இரண்டை வைத்தே ஓட்டினார்கள். பின்னால் தெரியும் அந்த இரண்டு துளைகளில் நம் விமானத் தொழிலின் ஒரு பெரிய ஏமாற்றம் பதிந்திருக்கிறது. ஆனாலும் 147 விமானங்கள் கட்டப்பட்டன. பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ஒன்றை அருகில் நின்று பார்க்கலாம். ஒரு விமானத்தைச் சுற்றி நடந்து வருவது நூறு படம் பார்ப்பதைவிட மேல். அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் படித்தபோது, அங்கே நிறுத்தி வைத்திருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்களின் அருகே நெடுநேரம் உட்கார்ந்திருப்பாராம்.

‘நாட்’ (Gnat), ‘அஜீத்’ என்ற இரு போர்விமானங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் தவறவிடுகிறார்கள். அஜீத் எரிபொருளை இறக்கைக்குள்ளேயே வைத்துக்கொள்வதால் இறக்கையின் கீழே ஆயுதம் தொங்கவிட நான்கு இடம் உண்டு. நாட் விமானத்துக்கு இரண்டுதான்.

வண்ணத்தை மட்டும் நம்பாதே. பிரிட்டனின் அரச விமானப்படை (ஆர்.ஏ.எஃப்.) அருங்காட்சியகத்தில் பிரிட்டிஷ் வண்ணத்தில் நிற்கும் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம், போருக்குப் பின் பல ஆண்டுகள் இந்திய விமானப்படையில் பறந்தது. விமானத்தின் வகையைச் சொல்வது வடிவம். காலத்தைச் சொல்ல வட்டச் சின்னம் உதவும். 1942 முதல் ஜப்பானுக்கு எதிரான போர்முனையில் நேச நாட்டு விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானின் சிவப்பு வட்டமென்று எண்ணித் தம்மவரே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. நடுவில் சிவப்பில்லாத படம் கிடைத்தால் இதை நினைத்துக்கொள்.

விடை சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல். காரணமில்லாத சரியான விடையைவிட, காரணத்தோடு சொன்ன தவறான விடை அடுத்தவருக்கு அதிகம் பயன்படும். எங்கே தடம் மாறியது என்று அவரால் பார்க்க முடியும். இன்னொன்று: இயங்கும் படைத்தளங்களின் பக்கம் கேமராவோடு போகாதே. அங்கே அனுமதியின்றிப் படமெடுப்பது சட்டப்படி குற்றம். அருங்காட்சியகங்களே போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று உன் தலைக்கு மேல் சென்னை விமானம் இறங்குகிறதே, அந்த மதுரை விமான நிலையம் 1942இல் ஆர்.ஏ.எஃப். பயன்படுத்திய தளம். அன்று சிறுபிள்ளைகளாக இருந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இன்று 90 வயதை ஒட்டியிருக்கும். அவனியாபுரம், பெருங்குடிப் பக்கத்து வீடுகளில் பழைய படங்கள் கிடக்கலாம். போய்க் கேள். எத்தனை எஞ்சின், வால் ஒன்றா இரண்டா, சக்கரம் மடங்கியதா என்று கேட்டு எழுதி வை. படம் கிடைத்தால் அதன் பின்புறத்தையும் நகலெடு. அங்கேதான் தேதி எழுதியிருப்பார்கள். உன் கண் இப்போது பழகிவிட்டது, இந்த வேலையை நீ செய்யலாம்.