பரஸ்பரம் என்று எழுதுமுன்

அன்புள்ள தம்பி,

மாத்தளையில் மொழிபெயர்ப்பாளர் பலகை மாட்டியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். அந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமிராது. ஒரே கோப்புக்குள் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கிடக்கும். இன்றைக்கு, ‘பரஸ்பரம்’ என்று நாம் சட்டென்று எழுதிவிடும் ‘மியூச்சுவல்’ என்ற ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கண்டிய விவாகரத்துப் பத்திரங்கள் உங்கள் மேசைக்கு வரும். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தில், கணவன் மனைவி இருவரும் சம்மதித்தால் அதுவே விவாகரத்துக்குப் போதிய காரணம். நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. மாவட்டப் பதிவாளரிடமே காரியம் முடியும். பக்கத்துத் தோட்டத்தில் பொதுச் சட்டப்படி மணமுடித்த தமிழ்த் தம்பதிக்கோ, ஒருவர் மற்றவர் மீது குற்றம் காட்டி வழக்காடுவதுதான் நெடுங்கால விதி. ஆகவே அந்தப் பத்திரத்தில் ‘சம்மதம்’ என்பதற்கு முன்னால் நிற்கும் சொல் அலங்காரமல்ல, உரிமையே அதில்தான் இருக்கிறது. சிங்களத்தில் அதை ‘அன்யோன்ய’ என்பார்கள். அதை அப்படியே தமிழில் இறக்கி ‘அந்நியோன்னிய சம்மதம்’ என்று எழுதிவிடாதீர்கள். பிரியப்போகிறவர்களைக் கொஞ்சிக் குலாவ வைத்துவிடுவீர்கள்! ‘இருவரதும் சம்மதம்’ போதும்.

தமிழில் இதற்குத் தனிச்சொல் பெரும்பாலும் வேண்டியதேயில்லை. பேசிக்கொண்டார்கள், திட்டிக்கொண்டார்கள் என்றால் வினையே இரு பக்கமும் போய் வந்துவிடுகிறது. ஆனால் அதே ‘கொள்’ பொலிஸ் முறைப்பாட்டில் காலை வாரும். ‘இருவரும் கத்தியால் வெட்டிக்கொண்டனர்’ என்றால், ஒருவர் மற்றவரையா, அவரவர் தம்மையேயா? வழக்கே மாறிப்போகும். அங்கே ‘ஒருவரையொருவர்’ என்று நீட்டி எழுதக் கூச்சப்படாதீர்கள்.

ஆங்கிலேயரே இந்தச் சொல்லுக்காகச் சண்டை பிடித்தவர்கள்தான். 1864-65இல் டிக்கன்ஸ் தொடராக எழுதிய ‘அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்’ நாவலின் தலைப்பே பிழை என்ற இலக்கணக்காரர்கள் உண்டு. இருவருக்குப் பொதுவான ஒரு நண்பரை அப்படிச் சொல்லலாகாதாம். நமக்கேன் அந்த வம்பு? ‘பொது நண்பர்’ என்று எழுதிவிட்டுப் போங்கள்.

வயல் பக்கத்துச் சிங்களவர் ‘அத்தம்’ என்பார்களே, அதில்தான் எனக்கு அக்கறை அதிகம். இன்று என் வயலில் நீங்கள் இறங்கினால் நாளை உங்கள் வயலில் நான். கூலி இல்லை, கடன் உண்டு. இதைச் ‘சிரமதானம்’ என்று தமிழாக்குவது சுத்தத் தவறு. சிரமதானம் செய்தவர் திருப்பிக் கேட்க முடியாது, அத்தத்துக்கு வந்தவர் தாராளமாகக் கேட்கலாம். சொல்லை அப்படியே வைத்து, ஒரு தரம் விளக்கிவிடுங்கள்.

கடைசியாக ஒப்பந்தங்கள். ‘பரஸ்பர உடன்பாட்டின் பேரில்’ என்று தொடங்கும். கீழே வாசித்தால் கடமையெல்லாம் ஒருவருக்கு, உரிமையெல்லாம் மற்றவருக்கு. மூலத்தைத் திருத்த உங்களுக்கு அதிகாரமில்லை, உள்ளபடியே தமிழாக்குங்கள். ஆனால் ஒப்பம் வைக்கப்போகிறவர் எதிரே உட்கார்ந்திருந்தால், முழுவதையும் அவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள்.

அன்புடன்,
ஒரு பழைய மொழிபெயர்ப்பாளன்