சிஎஸ்கே வாங்கினதுல எது லாபம், எது நஷ்டம்? ஐபிஎல் ஏலம் நம்ம சம்பளத்துக்குச் சொல்ற பாடம்



நம்ம ஓசூர் சிப்காட்ல ஒரே லைன்ல வேலை பார்க்குற ரெண்டு பேர்ல ஒருத்தர் சிஎஸ்கே, இன்னொருத்தர் ஆர்சிபி. ஏலம் வந்தா ரெண்டு பேரும் பேசுறது ஒண்ணே ஒண்ணுதான்: "இவருக்கு இவ்வளவு கோடியா?" ஆனா விலையை மட்டும் பார்த்தா வாங்கினது நல்லதா கெட்டதான்னு தெரியாது. குடுத்த காசுக்கு என்ன கிடைச்சதுன்னு பார்க்கணும். அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ஒரு ரன்னுக்கு எவ்வளவு?

2023 சீசனுக்கான ஏலத்துக்கு சிஎஸ்கே 20.45 கோடியோட போனாங்க. அதுல 16.25 கோடி பென் ஸ்டோக்ஸ் ஒருத்தருக்கே போயிடுச்சு. கையில இருந்ததுல கிட்டத்தட்ட 80 சதவீதம்! அதே ஏலத்துல யாரும் பெருசா கண்டுக்காத அஜிங்க்ய ரஹானேவை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தாங்க.

- ஸ்டோக்ஸ்: 2 மேட்ச், 15 ரன். ஒரு ரன்னுக்கு சுமார் 1.08 கோடி. பந்து போட்டது ஒரே ஒரு ஓவர்.
- ரஹானே: 326 ரன். ஒரு ரன்னுக்கு சுமார் 15,300 ரூபாய்.
- ருதுராஜ் கெய்க்வாட்: 2021ல சம்பளம் 20 லட்சம், அடிச்சது 635 ரன், கூடவே ஆரஞ்சு தொப்பி. ஒரு ரன்னுக்கு சுமார் 3,150 ரூபாய்.
- கிருஷ்ணப்பா கௌதம்: 2021 ஏலத்துல 20 லட்சத்துல ஆரம்பிச்ச விலை, போட்டி போட்டு 9.25 கோடிக்குப் போச்சு. அந்த சீசன்ல ஆடினது 0 மேட்ச். வகுக்கவே முடியாது!

அப்போ விலை அதிகம்னாலே நஷ்டமா? இல்லை. 2008 முதல் ஏலத்துல அதிக விலைக்குப் போனவர் தோனி, 15 லட்சம் டாலர். அவரை வாங்கின அணி 5 கோப்பை ஜெயிச்சிருக்கு. 2012ல 20 லட்சம் டாலருக்கு வந்த ஜடேஜா, 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல 10 ரன் அடிச்சு கோப்பையையே வாங்கிக் குடுத்தார். ஆனா 2009ல 15.5 லட்சம் டாலர் குடுத்து எடுத்த ஃபிளின்டாஃப், 3 மேட்ச் ஆடிட்டு முழங்கால் காயத்தோட ஊருக்குத் திரும்பிட்டார்.

அதே ஆள், வேற விலை

எனக்கு இதுலயே முக்கியமான உதாரணம் தீபக் சாஹர். 2018ல 80 லட்சத்துக்கு வந்தார், 2019ல 22 விக்கெட் எடுத்தார். அருமையான வாங்கல். 2022ல அதே சாஹரை 14 கோடிக்கு எடுத்தாங்க. காயத்தால அந்த சீசன்ல ஒரு பந்துகூட போடலை. ஆள் மாறலை. விலை ஏறினதும், ஒரு காயத்தால போகக்கூடிய காசு பல மடங்கு ஆயிடுச்சு.

ஷேர், தங்கம், நிலம் எல்லாத்துக்கும் இதே கணக்குதான். "நல்ல பொருளா?"ன்னு கேட்டா மட்டும் பத்தாது, "இந்த விலைக்கு நல்ல பொருளா?"ன்னு கேட்கணும்.

பொறுமைக்கும் ஒரு விலை இருக்கு

ருதுராஜ் 2019 முழுக்க பெஞ்சுல இருந்தார். 2020ல முதல் மூணு மேட்ச்ல 0, 5, 0. அதுக்கப்புறமும் அவரை விடலை. ஆர்சிபி நண்பர்களுக்கு ரஜத் பட்டிதாரைத் தெரியும். 2022 ஏலத்துல விலை போகாம, காயமான ஒருத்தருக்குப் பதிலா 20 லட்சத்துக்கு வந்தவர், 2025ல கேப்டனா கோப்பையைத் தூக்கினார்.

ஆனா ஜாக்கிரதை: 20 லட்சத்துக்கு வாங்குற எல்லாரும் ருதுராஜ் ஆகிறதில்லை. நிறைய பேர் ஒரு மேட்ச்கூட ஆடாம போயிடறாங்க. சின்னச் சின்னத் தொகையா பல இடத்துல போட்டதாலதான் அணிக்கு அது தாங்குச்சு. நாம பணத்தைப் பல இடத்துல பிரிச்சுப் போடுறதும் இதே காரணத்துக்குத்தான்.

இப்போ நம்ம ஊர் கதை

2024 ஜூன்ல ஓசூர்ல 2,000 ஏக்கர்ல விமான நிலையம் வரும்னு சட்டமன்றத்துல அறிவிச்சாங்க. அதுல இருந்து பாகலூர் ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடுன்னு எந்தப் பக்கம் பிளாட் பார்க்கப் போனாலும் "ஏர்போர்ட் வருது சார், இப்போவே புக் பண்ணுங்க"ங்கிற பேச்சுதான். 35,000 சம்பளத்துல 18,000 இஎம்ஐக்கு ஒத்துக்கிறதுக்கு முன்னாடி இந்த மூணு கேள்வியைக் கேளுங்க:

1. விலை ஏற்கெனவே ஏறிடுச்சா? ஏர்போர்ட் வந்தா கிடைக்கப்போற லாபத்தை இன்னைக்கே விக்கிறவருக்குக் குடுத்துட்டா, நமக்கு மிச்சம் என்ன?
2. இது என் பர்ஸ்ல எத்தனை சதவீதம்? ஸ்டோக்ஸ் ஆடலைன்னா ரஹானே இருந்தார். உங்க வேலை போனா ஆறு மாசச் செலவுக்குக் காசு இருக்கா?
3. வேண்டாம்னா வெளிய வர முடியுமா? கௌதமை அடுத்த சீசனுக்கு முன்னாடியே விட்டுட்டாங்க. பிளாட்டை அப்படி விட முடியாது. அதனால டிடிசிபி அப்ரூவல், ரெரா பதிவு, வில்லங்கச் சான்று, பட்டா எல்லாத்தையும் பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

மூணுக்கும் பதில் சரியா இருந்தா தாராளமா வாங்குங்க. இல்லைன்னா கையைத் தூக்காம உட்காருங்க. ஏலத்துல சும்மா உட்கார்ந்து இருக்கிறதும் ஒரு முடிவுதான்.

உங்க வாழ்க்கையில சிறந்த வாங்கல் எது, மோசமான வாங்கல் எது? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!