முதல் கிண்ணத்திற்கு முன்னால்

மனிதன் தான் வெறுக்கின்ற செயலையே மீண்டும் மீண்டும் செய்வது ஏன்? சமயமும் தத்துவமும் காலங்காலமாக எழுப்பி வரும் கேள்வி இது. குடிநோயாளியின் வாழ்வில் இது நாள்தோறும் எழுகிறது. காலையில் குழந்தையின் தலைமீது கை வைத்துச் சத்தியம் செய்கிறான். மாலையில் அதை மீறுகிறான். அவன் பொய்யன் அல்லன். சத்தியம் செய்த வேளையில் அவன் சொன்னது உண்மையே. அந்த உண்மைக்கு மாலைவரை நிற்கும் வலிமை இல்லை, அவ்வளவே.

மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வறிக்கையின்படி, நம் நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களுள் 5.7 கோடிக்கும் மேற்பட்டோர் அதனால் விளைந்த துன்பத்திலிருந்து மீள உதவி தேவைப்படுவோர்.

ஒரு தொலைபேசி அழைப்பு

1935 மே மாதம். நியூயார்க் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன், வணிக நிமித்தம் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குச் சென்றிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோல்வியில் முடிந்தது. தங்கியிருந்த விடுதியின் முன்கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடினார். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்து, உதவி தேவைப்படும் குடிநோயாளி எவரேனும் உண்டா என்று விசாரித்தார். தாம் குடிக்காமல் இருக்க வேண்டுமானால், தம்மைப் போன்ற மற்றொருவருடன் பேசியாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவ்வாறு மே 12 அன்று டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால்மணி நேரம் மட்டுமே இருப்பதாகச் சொல்லி வந்த மருத்துவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். உபதேசத்தை அவர் பலரிடம் கேட்டிருந்தார். தம் துன்பத்தைத் தாமே அனுபவித்த ஒருவர் பேசக் கேட்டது புதிது. அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ.) இயக்கம் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது.

ஒப்புக்கொள்வது பலவீனமா?

இவ்வியக்கத்தின் பன்னிரண்டு படிகளில் முதலாவது, மதுவின் முன் தான் வலிமையற்றவன் என்று ஒப்புக்கொள்வது. 'வலிமையே வாழ்வு' என்று கேட்டுப் பழகிய மனத்திற்கு இது முரணாகத் தோன்றலாம். சற்றே ஆராய்ந்தால் முரண் மறையும்.

குடிநோயாளி வலிமை இழப்பது எங்கே? முதல் கிண்ணத்திற்குப் பின். அதன்பின் 'இன்னும் ஒன்றுதான்' என்ற எண்ணத்தைத் தடுக்க அவனால் இயலாது. அம்முதல் கிண்ணத்திற்கு முன்போ, கூட்டம் நடைபெறும் இடத்திற்கு நடந்து செல்லவும், நண்பரை அழைக்கவும் அவனால் இயலும். தோற்கும் களம் எது என்று அறிந்து, அங்கே செல்லாதிருப்பது விவேகம். 'எந்நேரமும் நிறுத்திவிடுவேன்' என்பது வலிமையின் குரலன்று, அகங்காரத்தின் குரல். அதனைக் கைவிட்டு, தன்னினும் உயர்ந்த ஆற்றலிடம் தன்னை ஒப்படைப்பதைப் பின்வரும் படிகள் கூறுகின்றன. அவ்வாற்றலை எவ்வாறு உணர்வது என்பது அவரவர் விருப்பம். எச்சமயத்தவரும், நாத்திகரும்கூட வரலாம்.

கூட்டத்திற்குச் செல்வோருக்கு

உறுப்பினராவதற்குக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. கட்டணம் இல்லை, உறுப்பினர் விரும்பி அளிக்கும் காசைக் கொண்டே செலவுகள் நடைபெறுகின்றன. முழுப் பெயர், முகவரி, தொழில் எதுவும் கேட்கப்படுவதில்லை. அங்கே கேட்டது வெளியே செல்லக்கூடாது என்பது மரபு. புதியவர் பேசவேண்டும் என்ற கட்டாயமில்லை. அமர்ந்து கேட்டாலே போதும். 'மூடிய கூட்டம்' குடிநோயாளிகளுக்கு மட்டும். 'திறந்த கூட்டத்திற்கு' உறவினரும் செல்லலாம். ஒரு கூட்டம் மனத்திற்கு ஒவ்வாவிடில் வேறொன்றை நாடலாம். முதல் நாளைக் கொண்டே முடிவுக்கு வருவது சரியன்று.

கூட்டம் நடைபெறும் இடத்தை ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்தின் வாயிலாகவோ, அருகிலுள்ள போதை மீட்பு மையத்திலோ அறியலாம். 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணும் உள்ளது. அருகில் கூட்டம் இல்லாதோருக்கு இணையவழிக் கூட்டங்கள் உண்டு.

ஓர் எச்சரிக்கை: பல காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரெனத் தாமாக நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையோர் முதலில் மருத்துவரை அணுகவேண்டும். கூட்டம் மருத்துவத்திற்கு மாற்றன்று, துணை.

கூட்டங்களின் பயன் ஆய்வுக்கும் உட்பட்டதே. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இவ்வழியில் முறையாகச் செலுத்தப்பட்டோர் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் பிற சிகிச்சைகள் பெற்றோரை விடப் பெரும்பாலும் முன்னிற்பதைக் காட்டியது.

இல்லத்தாருக்கு

குடிப்பவரின் மனைவியோ தாயோ அவரை வற்புறுத்தித் திருத்த முயன்று களைத்துப்போகின்றனர். அவர்களுக்கென 1951-இல் தோன்றியது 'அல்-அனான்'. அவர் குடித்தாலும் விட்டாலும், தாம் அமைதியை இழக்காமல் வாழக் கற்பதே அதன் நோக்கம்.

மீண்டும் தவறியவரைக் கூட்டம் விலக்குவதில்லை. வாழ்நாள் முழுவதற்குமான சபதத்தையும் அது கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும். நாளைக்கும் அந்த நாற்காலி அங்கே இருக்கும். உறவிலோ அண்டையிலோ இந்நோயால் வருந்துவோரை அறிந்த அன்பர்கள், கண்டிப்பதை விடுத்து, முதல் நாள் அவருடன் அந்த வாயில்வரை நடந்து செல்லலாம்.